கண்ணாடி விடும், கருவி தடுக்கும்

ஆர்க்கேனம் என்னும் கணினி ஆட்டத்தில் டாரண்ட் என்றொரு தொழில்நகரம் உண்டு. அந்நகரத்து இரயில் நிலையத்தில் தேர்ந்த மந்திரவாதி ஒருவர் சீட்டுக் கேட்டால் ஏற்ற மறுப்பார்கள். அவர் எந்த மந்திரத்தையும் ஓதவேண்டியதில்லை. நீராவிப் பொறி ஓடும் வண்டியில் அவர் இருந்தாலே போதும், பொறி பழுதுறும் என்று அவ்வுலகத்து மக்கள் பட்டறிந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. எந்திரக் கலையில் ஊறியவர் காயமுற்றால், நோய் தீர்க்கும் மந்திரம் அவர் உடலில் பாதிகூடப் பலிப்பதில்லை.

டிம் கெய்ன், லியோனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் ஆகிய மூவர் தொடங்கிய டிராய்க்கா கேம்ஸ் உருவாக்கிய இந்த ஆட்டம் 2001 ஆகஸ்டில் வெளிவந்தது. எல்ஃப்களும் குள்ளர்களும் வாழும் பழங்கதை உலகத்துக்குள் தொழிற்புரட்சி நுழைந்தால் என்ன ஆகும் என்பதே அதன் கரு. ஆடுபவர் ஏற்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அளவுமானி உண்டு. முள் ஒருபுறம் மாயத்தை நோக்கிச் சாயும், மறுபுறம் எந்திரத்தை நோக்கிச் சாயும். ஒன்றில் தேறத் தேற மற்றொன்று கையைவிட்டு நழுவும்.

மாயமும் எந்திரமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்னும் எண்ணம் பாத்திரமேற்பு ஆட்டங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆட்டத்தின் சமநிலைக்காக விதித்த தடை என்று இதைக் கடந்துபோவோர் பலர். இரண்டு ஆற்றலும் ஒரே கையில் சேர்ந்தால் மற்ற ஆட்டக்காரர்களுக்கு மேசையில் வேலையே இராது என்பது உண்மைதான். ஆயினும் அந்தத் தடைக்கு ஆட்டத்தை உருவாக்கியோர் சொல்லும் காரணங்களை இயற்பியலின் கண்கொண்டு படித்தால், இயற்கை விதி என்றால் என்ன, உயிர் என்றால் என்ன என்னும் பெரிய வினாக்கள் அவற்றுக்குள் கிடக்கக் காணலாம். அக்காரணங்களைப் பொருட்படுத்தி ஆராய்வது தகும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆர்க்கேனம் சொல்லும் காரணம் எளிது. எந்திரம் இயற்கை விதியின்மேல் நிற்கிறது. மாயம் அவ்விதியை வளைக்கிறது. வளைந்த இடத்தில் எந்திரம் நிற்க முடியாது.

இருப்புப்பாதையில் உருளும் எஃகுச் சக்கரத்தை எண்ணிப்பாருங்கள். பாதை உலர்ந்திருக்கையில், சக்கரத்தின்மேல் அழுத்தும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை பற்றுதலாகக் கிடைக்கிறது. ஈரமும் இலைச்சருகும் படிந்தால் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். அந்த ஓர் எண் சரிந்தாலே சக்கரம் நின்ற இடத்தில் சுழலத் தொடங்கிவிடும். கொதிகலனுக்குள் நீர் நீராவியாகும்போது, கடல்மட்டக் காற்றழுத்தத்தில், 1,600 மடங்குக்கும் மேலாக விரிகிறது. உந்துதண்டின் நீளம், அடைப்பிதழ் திறக்கும் நேரம், கொதிகலத் தகட்டின் தடிமன் ஆகிய அனைத்தும் அந்த விரிவை நம்பி வகுக்கப்பட்டவை. ஓர் இழுபொறி ஓடவேண்டுமானால் இத்தகைய எண்கள் பல ஒரே நேரத்தில் தத்தம் மதிப்பில் நிலைத்திருக்க வேண்டும். எறியும் கல்லுக்கு இரண்டொரு விதி போதும். எந்திரம் நுட்பமாக ஆக ஆக அது சார்ந்துநிற்கும் விதிகள் பெருகுகின்றன. வளைவின் தீங்கும் பெருகுகிறது. ஆர்க்கேனத்தின் கருத்தில் இப்பகுதி எனக்கு மிகவும் உடன்பாடு. எந்திரத்தின் வலிமையை வியப்பவரே மிகுதி. அவ்வலிமை, உலகம் நேற்றுப்போலவே இன்றும் நடக்கும் என்னும் ஒரே அடித்தளத்தின்மேல் எழுந்தது என்பதை இந்த ஆட்டம் கண்முன் நிறுத்துகிறது.

எதிர்த்திசை விளக்கத்தில் அத்தனை உறுதி இல்லை. எந்திரம் தன்னைச் சுற்றி இயற்கை விதியை இறுக்குகிறது, அதனால் மாயம் பலிப்பதில்லை என்கிறார்கள். எந்திரம் விதிக்குக் கீழ்ப்படிகிறதே தவிர அதற்கு வலுவூட்டுவதில்லை. மலையிலிருந்து உருளும் பாறையும் அதே விதிக்கு அதே அளவில் கீழ்ப்படிகிறது. பாறைக்கு இல்லாத மாய எதிர்ப்பு நீராவிப் பொறிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இதைவிடப் பெரிய இடர் ஒன்று இருக்கிறது. மந்திரவாதியின் அருகே இயற்கை விதி வளையும் என்றால், அவருடைய நெஞ்சாங்குலை எப்படித் துடிக்கிறது? நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கும் அந்த உறுப்பு, சோடிய, பொட்டாசிய, கால்சிய மின்னூட்டத் துகள்கள் உயிரணுச் சவ்வைக் குறித்த வேகத்தில் கடப்பதை நம்பி இயங்குவது. குருதிச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் நுரையீரலில் உயிர்வளியைப் பற்றி, தசையில் விடவேண்டும். பற்றுதலின் வலிமை சற்றே கூடினாலும் குறைந்தாலும் மூச்சு முட்டும். இழுபொறியைக் காட்டிலும் நுணுக்கமான பொறி மனித உடல். இழுபொறி நிற்கும் இடத்தில் இதயம் மட்டும் தொடர்ந்து ஓடுவதற்கு ஆர்க்கேனத்தின் இயற்பியலில் விடை கிடையாது.

டிரெஸ்டன் ஃபைல்ஸ் ஆட்டம் வேறுவழியில் செல்கிறது. ஜிம் புச்சர் 2000இல் தொடங்கிய புதின வரிசையைத் தழுவி, ஈவில் ஹேட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட மேசையாட்டம் அது. சிகாகோவில் வாழும் ஹாரி டிரெஸ்டன் என்னும் மந்திரவாதியின் அருகில் கணினி இயங்காது. பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியை ஓட்டுகிறார், வீட்டில் மெழுகுவத்தி ஏற்றிக்கொள்கிறார். கருவி எத்தனை புதியதோ அத்தனை விரைவில் அது கெடும். பழைய எளிய பொறிகள் ஓரளவு தாங்கும்.

இதற்கு மெய்யுலகில் நெருங்கிய இணை உண்டு. 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபின், கருவிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. அவற்றை இயக்கும் மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வந்தது. வறண்ட நாளில் கம்பளத்தில் நடந்து கதவின் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று உணர்கிறோமே, அவ்வாறு விரல் உணர்வதற்குச் சுமார் 3,000 வோல்ட் நிலைமின் வேண்டும். மின்னணுச் சில்லுகள் சில 100 வோல்ட்டுக்கும் குறைவான தாக்கத்திலேயே மாண்டுபோகும். நம் விரலுக்குத் தெரியாமலே நாம் ஒரு சில்லைக் கொல்ல முடியும். 1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்னும் அணுவெடிப்பை நிகழ்த்தியபோது, ஏறத்தாழ 1,450 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பில் எழுந்த மின்காந்தத் துடிப்பு அத்தனை தொலைவு எட்டியது. அத்தகைய துடிப்பைப் பழைய வெற்றிடக் குழாய்கள் டிரான்சிஸ்டர்களைவிடப் பன்மடங்கு தாங்கக்கூடியவை. மந்திரவாதியைச் சுற்றி ஏதோவோர் ஒழுங்கற்ற மின்புலம் அலைபாய்கிறது என்று கொண்டால், பழைய வண்டி பிழைத்துப் புதிய கைபேசி மாள்வது முழுக்கப் பொருந்திவருகிறது.

இயற்பியலர்களே தமக்குள் இத்தகைய கதையொன்றைப் பேணிவந்திருக்கிறார்கள். 1945இல் நோபல் பரிசு பெற்ற வூல்ஃப்காங் பாலி ஆய்வகத்தில் கால்வைத்தாலே கருவிகள் உடையும் என்று அவர் காலத்தவர் பேசிக்கொண்டனர். ஹாம்பர்க்கில் ஓட்டோ ஸ்டெர்ன் தம் ஆய்வகத்துக்குள் அவரை விடுவதில்லை என்பது வழிவழியாக வந்த செய்தி. கருவி கெட்ட நாட்களை மட்டும் மனித நினைவு தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் என்பதே இதற்கு உரிய விளக்கம். ஆயினும் நுண்கருவியோடு நாள் முழுதும் போராடுவோர் நெஞ்சில் இக்கதை எவ்வளவு எளிதாக வேரூன்றுகிறது என்பதையும் காணவேண்டும்.

டிரெஸ்டன் உலகிலும் உடல் எப்படித் தப்புகிறது என்னும் பழைய வினா எழுந்து நிற்கிறது. நரம்பணு ஒன்று ஓய்ந்திருக்கையில் அதன் சவ்வுக்கு இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் நூற்றில் ஏழு பங்குதான். சில்லைக் கெடுக்கும் புலம் மூளையையும் குழப்பவேண்டுமே.

1993இல் ஒயிட் வுல்ஃப் நிறுவனம் வெளியிட்ட மேஜ்: தி அசென்ஷன் இவ்வினாவை வேரோடு பிடுங்கி எறிகிறது. அவ்வுலகில் இயற்கை விதி என்று தனியே ஒன்றும் இல்லை. பெரும்பான்மை மக்கள் எதை நம்புகிறார்களோ அதுவே மெய்ம்மை. எந்திரமும் ஒருவகை மாயமே. அதனை மக்கள் அனைவரும் நம்புவதால் அது எல்லோர் கையிலும் இயங்குகிறது. பழைய மாயத்தை எவரும் நம்பாததால் அதைச் செய்பவர்மீது உலகமே திரும்பிப் பாய்கிறது. இதயம் துடிக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், ஆகவே துடிக்கிறது. குறையற்ற விடை என்று தோன்றும்.

அழகிய இந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டத்துக்கு உகந்தது, இயற்கையைப் பற்றிய கருத்தாக ஒவ்வாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்பியலர் ஏறக்குறைய அனைவரும் ஒளியைச் சுமக்கும் ஈதர் என்னும் ஊடகம் வெளியெங்கும் நிறைந்திருப்பதாக நம்பினர். 1887இல் கிளீவ்லாந்தில் ஆல்பர்ட் மைக்கல்சனும் எட்வர்டு மோர்லியும் அந்த ஈதரினூடே புவி செல்லும் வேகத்தை அளக்கப் புகுந்தனர். நம்பிக்கையோடு தேடியவர்கள் அவர்கள். கருவியோ ஒன்றும் காட்டவில்லை. உலகத்து அறிஞர் அனைவரின் உடன்பாடும் சேர்ந்து ஈதரை உண்டாக்க முடியவில்லை. அறிவியலை நான் மதிப்பதற்குத் தலையாய காரணமே, நம்பியவர் கையிலும் அது இல்லை என்று சொல்லவல்லது என்பதுதான்.

இனி ஷேடோரனுக்கு வருவோம். சிகாகோவின் ஃபாசா நிறுவனம் 1989இல் வெளியிட்ட மேசையாட்டம் அது. பாப் சாரெட், பால் ஹியூம், டாம் டவுட் ஆகியோர் வகுத்தது. 2011 இறுதியில் ஜப்பானின் ஃபுஜி மலையருகே டிராகன் தோன்றுகிறது, மாயம் உலகுக்குத் திரும்புகிறது. முதற்பதிப்பின் கதை 2050இல் நடக்கிறது. அரசுகளை விஞ்சிய பெருநிறுவனங்களும் மூளையில் பொருத்திய சில்லுகளும் மந்திரவாதிகளும் ஒரே தெருவில் உலவும் காலம்.

மற்ற ஆட்டங்கள் இடறிய இடத்தையே ஷேடோரன் அடித்தளமாகக் கொண்டது. உடல் ஏன் தப்புகிறது என்று அது வியக்கவில்லை. மாயத்தின் ஊற்றே உயிர்தான் என்று விதித்துவிட்டது. புவியின் உயிர்த்திரள் மாய ஆற்றலைச் சுரக்கிறது. உயிரற்ற விண்வெளிக்குச் செல்லும் மந்திரவாதி ஆற்றலை மட்டும் இழப்பதில்லை, உடலுக்கு அப்பாற்பட்ட உணர்வு வெளியை அவர் அங்கே திறந்தால் அறிவும் உயிரும் போகும். நச்சுக் கழிவு தேங்கிய நிலத்தில் மந்திரம் தடுமாறும். மரத்தையும் மண்ணையும் மந்திரம் எளிதில் பற்றும். பலமுறை உருக்கி, பிரித்து, சேர்த்துச் செய்த மின்னணுக் கருவியைப் பற்றுவது அரிது.

உடலை விட்டு உலவும் மந்திரவாதியின் ஆவி, கற்காரைச் சுவரை ஊடுருவிச் செல்லும். உயிருள்ள பொருளை ஊடுருவ முடியாது. ஆகவே அந்த உலகத்து நிறுவனங்கள் தம் ஆய்வகச் சுவர்களில் கொடிகளைப் படரவிடுகின்றன. எஃகுக் கதவு தடுக்காத திருடனைப் பச்சிலைக் கொடி தடுக்கிறது. ஒரே ஒரு விதியிலிருந்து கட்டடக் கலைவரை கிளைத்துச் செல்லும் இந்த ஒழுங்குக்காகவே ஷேடோரனைப் பாத்திரமேற்பு ஆட்டங்களுள் முதல்வரிசையில் வைப்பேன்.

உடலுக்குள் எந்திரம் புகுவதற்கும் விலை உண்டு. ஒவ்வொருவருக்கும் பிறப்பில் உயிர்ச்சாரம் 6 அலகு. செயற்கைக் கையோ நரம்புக் கம்பியோ பொருத்தினால் அது குறையும். சாரம் ஒரு சிறு பின்னம் குறைந்தாலும் மந்திரவாதி தம் மாய ஆற்றலில் முழு அலகு ஒன்றை இழப்பார். இதுவரை எல்லாம் எதிர்பார்க்கத்தக்கதே. என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது பார்வை பற்றிய விதி.

மந்திரவாதி தம் கண்ணால் காண்பதன்மேல் மந்திரம் ஏவலாம். இடையில் சன்னல் கண்ணாடி இருக்கலாம். தொலைநோக்கி வழியே காணலாம், நிலைக்கண்ணாடியில் காணலாம், வளைந்து செல்லும் ஒளியிழை வழியேகூடக் காணலாம். ஆனால் மின்னணுப் படக்கருவியின் திரையில் அதே ஆளைக் கண்டால் மந்திரம் எழாது. படம் எத்தனை தெளிவாக இருந்தாலும், ஆள் அடுத்த அறையிலேயே இருந்தாலும் எழாது.

ஆளிடமிருந்து புறப்பட்ட ஒளியே நேராகக் கண்ணுக்கு வரவேண்டும் என்று இதை விளக்குவார்கள். இயற்பியலில் அவ்விளக்கம் நெடுநேரம் நிற்பதில்லை. கண்ணாடிக்குள் ஒளி தொடாமல் நழுவிச் செல்வதில்லை. அங்கு அதன் வேகம் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 2 இலட்சமாகக் குறைகிறது. வந்த அலை கண்ணாடியின் எதிர்மின்னிகளை அசைக்க, அசைந்த எதிர்மின்னிகள் தாமும் அலை எழுப்ப, எல்லாம் கூடியதே மறுபுறம் வெளிவரும் ஒளி. நிலைக்கண்ணாடியின் வெள்ளிப்பூச்சிலும் இதுவே நடக்கிறது. புறப்பட்ட ஒளிதான் வந்து சேர்ந்தது என்று அங்கே எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது.

அப்படியானால் கண்ணாடிக்கும் படக்கருவிக்கும் வேறுபாடு இல்லையா? இருக்கிறது, அது மிக ஆழமானது. அலை ஒவ்வொன்றுக்கும் உயரம் உண்டு. எந்தக் கணத்தில் எழுகிறது, எந்தக் கணத்தில் தாழ்கிறது என்னும் கட்டமும் உண்டு. கண்ணாடியும் ஆடியும் ஒளியிழையும் அலையை அலையாகவே கடத்துகின்றன. வழியில் நேரும் கட்ட மாற்றமும் ஒழுங்குப்பட்ட மாற்றமே. படக்கருவியிலோ சிலிக்கான் தளத்தில் ஒளித்துகள் உறிஞ்சப்படுகிறது. பச்சை ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 2.3 எலெக்ட்ரான்வோல்ட். சிலிக்கானில் ஓர் எதிர்மின்னியை விடுவிக்க 1.1 போதும். விடுபட்ட எதிர்மின்னிகள் சிறு மின்குழிகளில் தேங்கி எண்ணப்படுகின்றன. பெல் ஆய்வகத்தில் 1969இல் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்ட மின்னூட்டப் பிணைப்புக் கருவி இவ்வாறே இயங்குகிறது. எண்ணிய கணத்தில் கட்டம் அழிந்துவிடுகிறது. எவ்வளவு ஒளி வந்தது என்பது மட்டும் மிஞ்சும். திரையில் பின்னர் ஒளிர்வது அந்த எண்ணிக்கைக்கு ஏற்பப் புதிதாகப் பிறந்த வெளிச்சம்.

ஷேடோரனின் விதி, இயற்பியலர் அளவீடு என்று அழைக்கும் நிகழ்வின்மேல் துல்லியமாகக் கோடு கிழித்திருக்கிறது. கண்ணாடியில் அளவீடு இல்லை, ஆகவே மந்திரம் செல்கிறது. படக்கருவியில் அளவீடு நடந்துவிட்டது, ஆகவே செல்வதில்லை. இரவில் காண உதவும் ஒளிபெருக்கிக் குழாயும் இவ்வகையில் படக்கருவியின் பக்கமே சேரும். அதில் எண்கள் இல்லை, சில்லு இல்லை. ஆயினும் ஒளியை எதிர்மின்னியாக்கி மீண்டும் ஒளியாக்குகிறது. கட்டம் அங்கும் சாகிறது.

ஆனால் இந்தக் கோட்டை மந்திரவாதியின் கண்ணுக்குள் நீட்டினால் என்ன ஆகும்? விழித்திரையில் விழும் ஒளித்துகளை ரெட்டினால் என்னும் மூலக்கூறு உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ஒரு நொடியின் 5 இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அதன் வளைந்த வால் நிமிர்கிறது. அதிலிருந்து தொடங்கும் வினைகளின் முடிவில் நரம்பில் மின்துடிப்பு மாறுகிறது. கட்டம் அங்கே முழுதும் அழிந்துபோகிறது. இயற்பியலின் அளவுகோலில் விழித்திரையும் ஓர் ஒளியுணர் தளமே, சிலிக்கானுக்கு உறவு. எனவே அளவீடு மாயத்தைக் கொல்லும் என்று மட்டும் விதித்தால் எந்த மந்திரவாதியும் எதையும் காண முடியாது.

ஆட்டம் இதற்கும் விடை வைத்திருக்கிறது. செயற்கைக் கண் பொருத்திக்கொண்ட மந்திரவாதி அதன் வழியே மந்திரம் ஏவலாம். பழைய பதிப்புகளில் அக்கண்ணுக்கு 0.2 அலகு உயிர்ச்சாரம் விலை. அந்த விலையைக் கொடுத்துவிட்டால் அது அவருடைய உடலாகிவிடுகிறது. உள்ளே இருப்பது படக்கருவியே. ஒளி அங்கும் எண்ணாகத்தான் மாறுகிறது. ஆயினும் மந்திரம் செல்கிறது. விதிகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் தெளிவாகும் கருத்து இது: ஒளியை அளக்கும் நிகழ்வு ஒருமுறை நடந்தே தீரும், அந்த ஒருமுறை உயிருக்குள் நடக்கவேண்டும். வெளியே வேறொரு பொருள் முந்திக்கொண்டு அளந்துவிட்டால் மாயத்துக்கு அங்கே இடமில்லை. எந்திரம் மாயத்தைக் கெடுப்பது இரும்பாலோ மின்சாரத்தாலோ அன்று. உயிர் காணவேண்டியதை உயிரற்றது முன்னதாகக் கண்டுவிடுவதால்.

இக்கோட்பாட்டைச் சோதிக்க 2050வரை காத்திருக்கவேண்டியதில்லை. விழித்திரை கெட்டவர்களுக்காகச் செய்த இரு கருவிகள் 2013இல் ஒப்புதல் பெற்றன. அமெரிக்காவின் ஆர்கஸ் II கருவியில் மூக்குக்கண்ணாடியின்மேல் சிறு படக்கருவி இருந்தது. அது கண்டதை 60 மின்முனைகள் விழித்திரைக்குத் தெரிவித்தன. செருமனியின் ஆல்பா ஐஎம்எஸ் கருவியில் வெளியே படக்கருவி இல்லை. ஏறத்தாழ 1,500 ஒளியுணரிகள் கொண்ட சில்லு விழித்திரைக்குக் கீழேயே வைக்கப்பட்டது. கண்ணின் சொந்த வில்லை வழியாக வந்த ஒளி உடலுக்குள் சென்றே அளக்கப்பட்டது.

ஷேடோரன் மேசையில் இக்கருவிகளை அணிந்த இருவர் மந்திரவாதிகளாக வந்து அமர்ந்தால் நடத்துநர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஆல்பா அணிந்தவருக்கு மந்திரம் பலிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆர்கஸ் அணிந்தவரிடம் விதி கடுமையாக நடந்துகொள்ளும். மின்முனைகளுக்கு உயிர்ச்சாரம் கொடுத்திருக்கிறார். படக்கருவியோ உடலுக்கு வெளியே, மூக்கின்மேல் இருக்கிறது. அளவீடு அங்கே முடிந்துவிட்டது. உயிர்ச்சாரத்தை இழந்தும் அவர் கண்முன் நிற்பவரை மந்திரத்தால் தொட முடியாது. படக்கருவியைக் கழற்றி விழிக்குள் பதிக்கும் அறுவைக்கு இன்னொரு பின்னம் சாரம் கேட்டால் கொடுப்பாரா என்பதை ஆட்டக்காரர்தாம் முடிவு செய்யவேண்டும்.